அளக்காமல் போடும் கணக்கு

பொதுப்பணித்துறையில் முப்பத்து நான்கு வருடம் ஏரி, மதகு, கால்வாய் என்று சுற்றியவன் நான். கரை எங்கே உடையும் என்று முன்கூட்டிப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. எழுபத்திரண்டு வயதில் என் வயிற்றுக்குள்ளேயே ஒரு கரை உப்பிக்கொண்டிருக்கிறது என்று தெரியவந்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சம்சாரம் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். ராத்திரியில் நாலு தரம் எழுந்து போகவேண்டியிருக்கிறதே என்று பிராஸ்டேட்டுக்காக ஸ்கேன் எடுக்கப் போனேன். வயிற்றில் ஜெல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த டாக்டரம்மா ஓரிடத்தில் கையை நிறுத்தினார். திரும்பத் திரும்ப அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். "சார், மெயின் ரத்தக்குழாய் தொப்புள்கிட்ட கொஞ்சம் பெரிசா இருக்கு. 4.8 சென்டிமீட்டர். யாரும் சொன்னதில்லையா?" என்றார். யாரும் சொன்னதில்லை. யாரும் பார்த்ததுமில்லை.

இருதயத்திலிருந்து புறப்பட்டு, நெஞ்சுக்குள் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டு கால்களுக்குமாகப் பிரிகிற பெரிய குழாய்தான் மகாதமனி. வயிற்றில் அதன் அகலம் சாதாரணமாக 2 சென்டிமீட்டர் இருக்கும். 3-க்கு மேல் போனால் அதற்கு அனியூரிசம் என்று பெயர், அதாவது தமனி வீக்கம். வலிக்காது, மூச்சு வாங்காது, பசி குறையாது. இருக்கிறவனுக்கே தெரியாமல் வருஷக்கணக்கில் இருக்கும். வெடித்தால் மட்டும் பத்துப் பேரில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை. வயது, ஆண் என்பது, ரத்தக்கொதிப்பு, குடும்பத்தில் யாருக்காவது இருந்தது, இவையெல்லாம் காரணங்கள். எல்லாவற்றுக்கும் மேலே புகை. நான் 1995-ல் சிகரெட்டை விட்டேன். அதற்கு முன் இருபது வருஷம் பிடித்ததை என் தமனி மறக்கவில்லை போலிருக்கிறது.

ஐன்ஸ்டீனுக்கும் இதேதான். 1948-ல் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற சர்ஜன் அவர் வயிற்றைத் திறந்து, வீங்கிய தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றி மூடினார். அன்றைக்கு இருந்த வைத்தியம் அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1955 ஏப்ரலில் வெடித்தது. மறுபடி ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு 18-ந் தேதி கண்ணை மூடினார். இன்றைக்கு அந்த நிலைமை இல்லை. வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாய் வைத்துத் தைக்கலாம். தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட்டை ஏற்றி உள்ளேயே பொருத்தவும் செய்யலாம். கேள்வி எல்லாம், எப்போது செய்வது என்பதுதான்.

அதற்கு உலகம் முழுக்க ஓர் எண்ணை வைத்திருக்கிறார்கள்: 5.5 சென்டிமீட்டர். பெண்களுக்கு 5. அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. 4-க்கும் 5.5-க்கும் இடைப்பட்ட வீக்கம் உள்ளவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு உடனே ஆபரேஷன் செய்தும், இன்னொரு கூட்டத்தை ஸ்கேனில் கண்காணித்தும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 1998-லும் 2002-லும் வந்தன. சீக்கிரம் கத்தி வைத்தவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்துவிடவில்லை. ஆகவே 5.5 வரை காத்திருக்கலாம் என்று ஆயிற்று. நல்ல ஆராய்ச்சிதான், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள். ஐந்தடி மூன்று அங்குலமும் ஐம்பத்தைந்து கிலோவுமாக இருக்கிற செங்கம் விவசாயிக்கு மகாதமனியே அளவில் சிறியது. அவருக்கும் 5.5 தானா என்று கேட்டால் அதட்டாமல் பதில் சொல்கிற டாக்டரை இன்னும் நான் சந்திக்கவில்லை.

இன்னொரு விஷயம். ஏரிக்கரை உயரத்தால் உடைவதில்லை. நண்டுவளை இருக்கிற இடத்தில்தான் கசிந்து, கரைந்து, உடையும். சமுத்திரம் ஏரிக்கரையில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்குக்கூட இது தெரியும். தமனியும் அப்படித்தான். 5-க்குக் கீழே வெடித்தவர்களும் உண்டு, 7-ஐத் தாண்டி நிம்மதியாக இருந்தவர்களும் உண்டு. அகலம் ஒன்றை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானிப்பது கரையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறுகிற மாதிரி.

இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் வருகிறது. சி.டி. ஸ்கேன் படங்களிலிருந்து தமனியின் வடிவத்தை முப்பரிமாணத்தில் எழுப்பி, அதை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ரத்த அழுத்தத்தால் எவ்வளவு இழுவிசை வருகிறது என்று கணக்குப் போடுவார்கள். அதிகம் இழுபடும் இடம் சிவப்பாகவும் குறைவான இடம் நீலமாகவும் படத்தில் தெரியும். இந்த முறைக்கு ஃபைனைட் எலிமென்ட் என்று பெயர். 1960-ல் அந்தப் பெயரை வைத்த ரே கிளஃப் ஒரு சிவில் எஞ்சினீயரிங் பேராசிரியர். இந்த முறையின் ஆரம்பகாலப் பெரிய கணக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் விரிசல் கண்ட நார்ஃபோர்க் என்ற அணைக்காகப் போடப்பட்டது. ஆக இது எங்கள் வீட்டுப் பிள்ளைதான். ஆஸ்பத்திரிக்குத் தத்துப் போயிருக்கிறது. அதனால்தான் அதன் பெயரால் நடக்கிற வியாபாரத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது.

என் தங்கை மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். விஷயம் கேள்விப்பட்டதும், "மாமா, இப்பல்லாம் இதுக்கு அட்வான்ஸ்டா டெஸ்ட் வந்திருக்கு" என்று ஒரு பெரிய ஊரின் பெரிய தனியார் மருத்துவமனைக்கு என்னை அழைத்துப் போனான். சி.டி. எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து வழவழ தாளில் வண்ணப்படம் வந்தது. என் தமனியின் இடதுபக்கம் குங்குமம் கொட்டியது போலச் சிவப்பு. கீழே ஒரு வரி: உங்கள் ஆபத்து 5.7 சென்டிமீட்டர் வீக்கத்துக்குச் சமம். அடுத்த வாரமே ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்துவிடலாம், பேக்கேஜ் இருக்கிறது என்றார்கள். சம்சாரம் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கோ பழைய வியாதி. எஸ்டிமேட் எது வந்தாலும் கடைசிப் பக்கத்தில் எதை வைத்துக் கணக்குப் போட்டான் என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. பார்த்தேன். பொடி எழுத்தில் இரண்டு விவரம் இருந்தது. சுவர்த் தடிமன் 1.5 மில்லிமீட்டர் என்று 'எடுத்துக்கொள்ளப்பட்டது'. ரத்த அழுத்தம் 168-க்கு 94.

அந்த 168 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். திருவண்ணாமலையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, நாலு மணி நேரம் குலுங்கி, லிஃப்ட் வேலை செய்யாமல் மாடி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்த நிமிஷத்தில் ஒரு பெண் பட்டையைக் கட்டி எடுத்தது. வீட்டில் மாத்திரையோடு எனக்கு எப்போதும் 130-தான். அழுத்தம் குறைந்தால் இழுவிசையும் அதே விகிதத்தில் குறையும். 168-க்குப் பதில் 130 போட்டால் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விடும். "இதை மாத்திப் போட்டுப் பாருங்களேன்" என்றேன். "அதெல்லாம் சாஃப்ட்வேரே எடுத்துக்கும் சார்" என்றார் ஒருங்கிணைப்பாளர் என்ற பட்டையைச் சட்டையில் குத்தியிருந்த தம்பி. சாஃப்ட்வேர் எங்கிருந்து எடுக்கும்? நாம் கொடுத்ததைத்தான் எடுக்கும்.

தடிமன் விஷயம் இதைவிட மோசம். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் சொல்லிக்கொடுப்பதுதான். குழாய்ச் சுவரின் இழுவிசைக்கு, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுக்க வேண்டும். பி.பி. 120 என்பது சதுர சென்டிமீட்டருக்கு 0.163 கிலோ. என் வீக்கத்தின் ஆரம் 2.4 சென்டிமீட்டர். சுவர் 1.5 மில்லிமீட்டர் என்றால் இழுவிசை சதுர சென்டிமீட்டருக்கு 2.6 கிலோ. அதே சுவர் 1 மில்லிமீட்டராக இருந்தால் 3.9 கிலோ. அரை மில்லிமீட்டர் ஊகத்தில் ஒன்றரை மடங்கு வித்தியாசம்! சாதாரண சி.டி. படத்தில் அந்தச் சுவரின் தடிமனை நம்பும்படி அளக்க முடியாது. அதனால்தான் 'எடுத்துக்கொள்கிறார்கள்'.

இந்தச் சூத்திரம் நேரான குழாய்க்குத்தான் சரி என்பது எனக்கும் தெரியும். வீக்கம் கோணல்மாணலானது, உள்ளே ரத்தம் உறைந்து ஒட்டியிருக்கும். அதற்காகத்தான் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது. ஆனால் வடிவத்தை அது எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும், தடிமன் ஊகமாக இருக்கும்வரை விடையும் ஊகத்தின் குழந்தைதான்.

போகட்டும், இழுவிசை சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது பாதிக் கணக்குதான். சுமை தாங்கும் பலத்தை மிஞ்சினால்தான் எதுவும் உடையும். காங்கிரீட்டின் பலம் தெரிய வேண்டுமானால் போடும்போதே 15 சென்டிமீட்டர் கட்டைகளாக வார்த்து, 28-ம் நாள் மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். உயிரோடு இருக்கிறவன் தமனியை எப்படி நசுக்குவது? ஆபரேஷன் செய்தபோது வெட்டியெடுத்த தமனித் துண்டுகளை மெஷினில் இழுத்துப் பார்த்து, மாதவன் ராகவனும் டேவிட் வோர்ப்பும் அமெரிக்காவில் 2000-ல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். அருமையான வேலை. பின்னால் வந்த பலர் அதன் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். வெடித்த தமனிகளில் இழுவிசை அதிகமாக இருந்தது என்பதையும் பிறகு வந்த ஆராய்ச்சிகள் காட்டின. நான் இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் என் தமனியின் பலம் என்று அந்த வழவழ தாளில் போட்டிருந்தது, முகம் தெரியாத யாரோ சிலரின் தமனித் துண்டுகளிலிருந்து வந்த சராசரி. பக்கத்து ஊர் மண்ணைச் சோதித்துவிட்டு நம் ஊரில் கரை போடுகிற கதை.

தங்கை மகன் வண்டியில் வரும்போது, "மாமா, நீங்க பழைய காலத்து ஆளு. டேட்டா சொல்றதை நம்புங்க" என்றான். "டேட்டா எங்கடா இருக்கு? இதுல இருக்கிறது கணக்கு" என்றேன். அளந்தது வேறு, கணக்குப் போட்டது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவன் கையில் வண்ணப்படம் கிடைத்தால் அது பூச்சாண்டி ஆகிவிடும். இன்றைக்கு என்னைப் பயமுறுத்திய படம், நாளைக்கு இன்னொருவரிடம் "எல்லாம் நீலம், கவலைப்படாதீங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பும். இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம்.

அப்புறம் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் ரத்தநாள சிகிச்சை டாக்டரைப் பார்த்தேன். வரிசையில் மூன்று மணி நேரம். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயா, பி.பி.யை 130-க்குக் கீழேயே வையுங்க. புகை வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன். வேகமா வளர்ந்தா உடனே வாங்க. திடீர்னு வயிறோ முதுகோ பிளக்கிற மாதிரி வலிச்சா கேஸ் டிரபிள்னு சோடா குடிச்சிட்டுப் படுக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க" என்றார். பி.பி.யைப் பற்றி அவர் சொன்னதை மேலே உள்ள கணக்கில் போட்டுப் பார்த்தேன். 4.8 வீக்கத்தோடு 160 பி.பி. வைத்திருப்பவனின் சுவரில் 3.5 கிலோ. 5.5 வீக்கத்தோடு 120 வைத்திருப்பவனுக்கு 3 கிலோ. தடிமன் ஒன்றுதான் என்றால், பெரிய வீக்கக்காரனைவிடச் சின்ன வீக்கக்காரனுக்குத்தான் சுமை அதிகம். மாடல் கற்றுத்தரும் உருப்படியான பாடம் இதுதான், இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அவர் சோடா என்று சொன்னபோது எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். என்னோடு பத்து வருஷத்துக்கு மேல் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வந்த நண்பர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அறுபத்தெட்டு வயது. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. குபேர லிங்கம் தாண்டியதும், "முதுகு பிடிச்சிக்கிச்சி, நீ நட, நான் வர்றேன்" என்று ஓரமாக உட்கார்ந்தார். சோடா வாங்கிக் கொடுத்தேன். வியர்த்துக் கொட்டியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று எழுதினார்கள். மாரடைப்பாகவே இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் வயிற்றில் வாழ்நாளில் ஒருமுறைகூட ஸ்கேன் கருவி பட்டதில்லை. அவர் எதனால் போனார் என்று அவர் பிள்ளைகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அரசாங்கக் கணக்குக்கும் தெரியாது. என் புகாரே அதுதான்.

"நம்ம ஊரில் இந்த வியாதி குறைவு" என்று சொல்கிறார்கள். தேடாமல் குறைவு என்று எப்படிச் சொல்வது? மழைமானி வைக்காத ஊரில் மழை பெய்ததே இல்லை என்று எழுதுகிற மாதிரி. இங்கிலாந்தில் 65-லிருந்து 74 வயதுவரை உள்ள 67,800 ஆண்களை எடுத்து, பாதிப் பேரை மட்டும் வயிற்று ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். 2002-ல் வந்த முடிவுப்படி, அழைக்கப்பட்ட கூட்டத்தில் இந்த வியாதியால் வந்த சாவு 42 சதவீதம் குறைந்தது. கம்ப்யூட்டர் மாடல் இல்லை, சிவப்பும் நீலமும் இல்லை. வெறும் அல்ட்ராசவுண்டும் அளவும்தான். அதைப் பார்த்துத்தான் 2009-லிருந்து அங்கே 65 வயது ஆண்களுக்கு ஒருமுறை இலவச ஸ்கேன். அமெரிக்காவில், எப்போதாவது புகைத்த 65 முதல் 75 வயது ஆண்களுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு திட்டமும் இல்லை.

செலவு என்பார்கள். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற அதே மெஷின், பத்து நிமிஷம், ஊசிகூட இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி நம் தெருவுக்கும் வந்தது. அந்தப் பெண்கள் வீட்டுக்கு வந்து பி.பி. பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், நான் பயனடைந்தவன். அந்த நோட்டில் "65 தாண்டிய ஆணா, பீடி சிகரெட் பழக்கம் இருந்ததா" என்று ஒரு கட்டம் சேர்த்து, ஆம் என்றால் ஒருமுறை ஸ்கேனுக்கு அனுப்பக் கூடாதா?

அதற்கு அப்புறம் மாடல் வரட்டும், நானே மாலை போட்டு வரவேற்கிறேன். சென்னையில் ஐ.ஐ.டி. இருக்கிறது, பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆபரேஷனில் எடுக்கிற தமனித் துண்டைக் குப்பையில் போடாமல், நோயாளியின் சம்மதத்தோடு இழுத்துப் பார்த்து எழுதி வைக்கட்டும். நம் ஆட்களின் அகலம், தடிமன், பலம், யார் வெடித்தார்கள், யார் வெடிக்கவில்லை என்று பத்து வருஷம் பதிவு செய்யட்டும். அந்த எண்களைப் போட்டுக் கம்ப்யூட்டர் சொன்னால் அது நம் கரைக்கு நம் மண்ணில் போட்ட கணக்கு. அதுவரை, காசு வாங்கிக்கொண்டு ஆபத்து எண் கொடுக்கிற எவரும், எதை அளந்தோம், எதை ஊகித்தோம், விடை எவ்வளவு முன்பின் ஆகலாம் என்று பொடி எழுத்தில் அல்லாமல் கொட்டை எழுத்தில் போட வேண்டும். அரசாங்கம் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 அன்று, நம் மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர் போனதை நாம் மறக்கவில்லை. ஐந்து பேர் குழந்தைகள். வல்லுநர்கள் வந்து மண்ணையும் பாறையையும் சோதித்தது அதற்குப் பிறகு. போன பின்பு அளப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்த வழக்கத்தைத்தான் நான் வெறுக்கிறேன்.

பேக்கேஜ் எடுக்கவில்லை. தங்கை மகனுக்கு வருத்தம்தான். ஒன்பது மாதத்தில் இரண்டு ஸ்கேன் ஆயிற்று, 4.8 என்பது 4.9 ஆகியிருக்கிறது. 5.5 வந்தால் மறுபேச்சில்லாமல் போய்ப் படுத்துக்கொள்வேன், ஐன்ஸ்டீன் மாதிரி மாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை. தினம் காலையில் பி.பி. பார்த்துக் காலண்டரில் எழுதுகிறேன். கிரிவலத்தை மட்டும் விடவில்லை. டாக்டரைக் கேட்டேன், மெதுவாக நடங்கள், மூட்டை தூக்காதீர்கள் என்றார். பதினாலு கிலோமீட்டரை உட்கார்ந்து உட்கார்ந்து முடிக்கிறேன்.

இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒரே வேண்டுகோள். முன்னே எப்போதாவது புகைத்தவரா? கல்லடைப்புக்கோ பிராஸ்டேட்டுக்கோ எதற்காவது ஸ்கேன் எடுக்கப் போகும்போது, "மகாதமனியையும் ஒரு பார்வை பார்த்து அளவை எழுதுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த டாக்டரம்மா கேட்காமலே கையை நிறுத்தினார், நான் இருக்கிறேன். கண்டக்டர் நண்பருக்கு அப்படி ஒரு கை வாய்க்கவில்லை.